யூட்டா பிளாக் ஹாக் வீடியோ: பனியில் இறங்கும்போது உள்ளே என்னதான் நடக்குது?

#1 மலையேறி

வணக்கம் மக்களே. நேத்து ராத்திரி தூக்கம் வராம பழைய விபத்து வீடியோவா பார்த்துக்கிட்டிருந்தேன் (வீட்ல அதுக்குத் தனியா அர்ச்சனை). அதுல ஒண்ணு மண்டையை விட்டுப் போகவே மாட்டேங்குது.

2022 பிப்ரவரி 22. அமெரிக்காவுல யூட்டா மாநிலம். ஸ்னோபேர்டுன்னு ஒரு பனிச்சறுக்கு இடம், அதுக்குப் பின்பக்கம் மினரல் பேசின்னு பெரிய பனிக்கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம். யூட்டா நேஷனல் கார்டோட (அந்த மாநிலத்தோட ராணுவப் படை) இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் பயிற்சிக்காக அங்க இறங்க வருது. தரைக்குக் கிட்ட வந்ததும் குபுக்னு ஒரு வெள்ளை மேகம், ஹெலிகாப்டரையே காணோம். மேகம் அடங்கினா மெஷின் சாஞ்சு கிடக்கு. அதோட ரோட்டர் (மேல சுத்துற இறக்கை) துண்டு ஒண்ணு தெறிச்சுப்போய் இரண்டாவது ஹெலிகாப்டர்ல அடிச்சு அதையும் முடக்கிடுச்சு. ரெண்டுலயும் இருந்தவங்க ஒருத்தருக்கும் காயம் இல்லை, அதுவே பெரிய அதிசயம். சறுக்கிட்டிருந்தவங்க இதையெல்லாம் போன்ல எடுத்திருக்காங்க.

என் சந்தேகம் இதுதான். யூட்டா ஆளுங்களுக்கு மலையும் பனியும் கொல்லைப்புறம் மாதிரி. எதிரி சுடலை, இன்ஜின் நிக்கலை. அப்புறம் எப்படி?

#2 நேர்பேச்சு

ஓட்டத் தெரியாதவன் ஓட்டியிருக்கான். இதுக்கு எதுக்கு தனி இழை?

#3 பிசிக்ஸ் வாத்தியார்

நேர்பேச்சு, அவசரப்படாதீங்க. மேல தூக்குறது எதுவோ அதுதான் கண்ணையும் கட்டுது. விஷயம் அங்க இருக்கு.

முழுச் சுமையோட ஒரு பிளாக் ஹாக் கிட்டத்தட்ட 10 டன். அத்தனை எடையையும் அந்தரத்துல நிறுத்த, 16 மீட்டருக்கு மேல அகலமான ரோட்டர் காற்றைக் கீழ தள்ளிக்கிட்டே இருக்கணும். அந்தக் காற்று தரையில மோதி நாலாபக்கமும் விரியும், வெளியில போய் மேல எழும்பும், திரும்ப ரோட்டர் அதையே உள்ள இழுக்கும். தரையில உதிரிப்பனி கிடந்தா அதுவும் கூடவே சுத்தும். டேபிள் ஃபேனைக் குப்புறப் பிடிச்சுக்கிட்டு அதுக்குக் கீழ கோலமாவு டப்பாவைக் கவுத்துப் பாருங்க (அம்மா ஊருக்குப் போயிருக்கும்போது).

வேகமா முன்னால போற வரைக்கும் இந்த மேகம் வாலுக்குப் பின்னாலயே தங்கிடும், பைலட்டுக்குத் தொல்லை இல்லை. இறங்கணும்னா வேகத்தைக் குறைச்சே ஆகணும். சுமார் 15, 20 நாட் (மணிக்கு 30, 35 கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க) கிட்ட வரும்போது மேகம் பின்னாலேருந்து வந்து பிடிச்சிடும். முதல்ல வால், அப்புறம் கதவு, அப்புறம் பைலட் உட்கார்ந்திருக்கிற கண்ணாடி. அதாவது, தரைக்குப் பத்து இருபது அடி இருக்கும்போது, கண்ணு ரொம்பத் தேவைப்படுற அந்த நேரம் பார்த்து கண்ணு போயிடும்.

இதைத்தான் வொயிட்அவுட்னு சொல்றாங்க. பாலைவனத்துல மணலால நடந்தா பிரவுன்அவுட். கூத்து ஒண்ணுதான், வேஷம்தான் வேற.

#4 சால்ட்லேக் வாசி

நான் இந்த ஊர்லதான் பத்து வருஷமா பொட்டி தட்டுறேன். வாத்தியார் சொன்ன கோலமாவு உவமை இங்க அப்படியே பொருந்தும். யூட்டா பனி ரொம்ப உலர்ந்த பனி. கார் நம்பர் பிளேட்லயே "உலகின் மிகச் சிறந்த பனி"ன்னு போட்டுப் பெருமை அடிச்சுக்குவாங்க. முதல் வருஷம் என் பையன் பனியை உருட்டி எறிய ஆசையா ஓடினான். கையில பிடிச்சா உருண்டையே ஆகலை, பொலபொலன்னு உதிருது. சறுக்குறவங்களுக்கு அது சொர்க்கம். ஹெலிகாப்டருக்கு நேர் எதிர்.

இன்னொண்ணு, மினரல் பேசினோட மேல்பகுதியில மரம் ரொம்பக் கம்மி. மேல ஹிடன் பீக் 11,000 அடி, அங்கேருந்து பார்த்தா எங்க மேடு முடியுது எங்க பள்ளம் ஆரம்பிக்குதுன்னே தெரியாது. மேகமூட்டமா இருந்தா நிழலும் கிடையாது. நடந்துபோற நானே மேடுன்னு நினைச்சுப் பள்ளத்துல கால் வெச்சிருக்கேன்.

#5 சிமுலேட்டர் சிங்கம்

கண்ணு தெரியலைன்னா மீட்டரைப் பார்த்து இறக்க வேண்டியதுதானே? நான் கம்ப்யூட்டர்ல முழுப் பனிமூட்டத்துல எத்தனை தடவை இறக்கியிருக்கேன். உயரம் காட்டுது, சாய்வு காட்டுது, வேற என்ன வேணும்?

#6 பட்டாளத்தார்

சிங்கம் தம்பி, நாற்காலியில உட்கார்ந்து இறக்குறதுல ஒரு சௌகரியம், தப்பாப் போனா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். கோச்சுக்காதீங்க.

நான் பைலட் இல்லை. தரைப்படையில இருந்து ஓய்வு பெற்றவன். சியாச்சின்ல ஒரு முறை இருந்தேன், சில மாசம் ஹெலிபேட் வேலை. சீட்டா ஹெலிகாப்டர் வர்றப்ப கீழ நின்னு பார்த்த அனுபவம்தான். அதை வெச்சுச் சொல்றேன்.

உயரமும் சாய்வும் தெரிஞ்சா போதாது. பக்கவாட்டுல நகருதா இல்லையான்னு தெரியணும். ஒரு முழம் நகர்ந்தாலும் ஆபத்து. அதுக்குப் பைலட்டுக்குக் கண்ணுல பிடிச்சுக்க ஒரு பொருள் வேணும். பாறையோ, கொடியோ, காலி கேனோ, வெள்ளை இல்லாத ஏதோ ஒண்ணு. அதைக் கண்ணை விட்டு விலகாம வெச்சுக்கிட்டுத்தான் இறங்குவாங்க. பெரிய ஹெலிகாப்டர்ல கதவுகிட்ட ஒருத்தர் தலையை வெளிய நீட்டி, மேகம் வாலுக்கு வந்தாச்சு, கதவுக்கு வந்தாச்சுன்னு சொல்லிக்கிட்டே இருப்பார். கண்ணாடிக்கு வர்றதுக்குள்ள சக்கரம் தரையைத் தொடணும். இல்லைன்னா தயங்காம மேல ஏறிடணும். நடுவுல நின்னு யோசிக்கிறதுக்கு அங்க இடமே இல்லை.

#7 கல்கரிப் பொடியன்

அண்ணை சொல்றது சரி. நான் கனடாவில இருக்கிறன், ஹெலி ஒண்டும் ஓட்டேல்லை, கார்தான். ஆனா ஒரு விசயம் சொல்லுறன். மாரிகாலத்தில பெருந்தெருவில போகேக்க காத்து அடிச்சு தூள் ஸ்நோ றோட்டுக்குக் குறுக்கால பாம்பு மாதிரி ஓடும். அதைப் பாத்துக்கொண்டு ஓடினா கார் மற்றப் பக்கம் இழுபடுற மாதிரியே இருக்கும். என்னை அறியாம ஸ்டியறிங்கைத் திருப்பிப்போட்டு, ஒருக்கா பள்ளத்துக்க போகப் பாத்தனான். கார் நேராத்தான் போய்க்கொண்டிருந்தது!

தெருவில நாலு சில்லும் நிலத்தில இருக்கேக்கயே இப்பிடியெண்டா, அந்தரத்தில நிக்கிறவருக்கு எப்பிடி இருக்கும்?

#8 பிசிக்ஸ் வாத்தியார்

பொடியன், பைலட்டுகளுக்குப் பாடத்துலயே இருக்கிற ஏமாற்று அது. ஓடுறது பனி. நகருறது நாமதான்னு மூளை நம்பிடும். ரயில் நிலையத்துல பக்கத்து ரயில் கிளம்பினா நம்ம ரயில் கிளம்பின மாதிரி இருக்குமே, அதேதான். இல்லாத நகர்வைச் சரிசெய்யப் பைலட் கைப்பிடியைத் தள்ளுவார். அப்பதான் உண்மையான நகர்வே ஆரம்பிக்கும்.

கண்ணுக்கு அடுத்து நம்மகிட்ட இருக்கிறது உள்காது. அதுல இருக்கிற திரவம் திடீர்த் திருப்பத்தைத்தான் உணரும். மெதுவாச் சாஞ்சா அதுக்குத் தெரியவே தெரியாது.

இது நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. 2021 டிசம்பர் 8, குன்னூர். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் போன எம்ஐ-17 ஹெலிகாப்டர். அங்க பனிப்பொழிவு இல்லை, மேகம். பள்ளத்தாக்குல வானிலை எதிர்பாராம மாறி மேகத்துக்குள்ள போனதுல பைலட்டுக்குத் திசையுணர்வு தவறி மலையில மோதிடுச்சுன்னுதான் விமானப்படை விசாரணையோட முதற்கட்ட முடிவு சொல்லிச்சு. மெஷின் கோளாறு இல்லை. ஓட்டினவங்க அனுபவம் இல்லாதவங்களும் இல்லை.

#9 தேனீ

கேதார்நாத்தும் இப்படித்தானே? 2022 அக்டோபர்ல ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேர் செத்துப் போனாங்களே. அதுல மூணு பேர் நம்ம சென்னைக்காரங்க. அந்த ஹெலிகாப்டர் கம்பெனிகளோட டிக்கெட் விலை என்னன்னு தெரியுமா, அவங்க ஒரு நாளைக்கு

#10 நெறியாளர்

தேனீ, கேதார்நாத் சேவை, டிக்கெட், கம்பெனிகள் பத்தி ஏற்கனவே ஓடிக்கிட்டிருக்கிற இழை இருக்கு. மிச்சத்தை அங்க நகர்த்திட்டேன். இங்க பனியில இறங்குறது மட்டும்.

#11 மலையேறி

வாத்தியார், பட்டாளத்தார் ஐயா, நன்றி. இதைப் படிச்சதும் இன்னொரு விபத்தைத் தோண்டினேன். அது யூட்டா மாதிரி நல்லா முடியலை.

2021 மார்ச் 27, அலாஸ்கா, நிக் பனியாறு பக்கத்துல. ஹெலி ஸ்கீயிங்னு ஒண்ணு இருக்கு. லிஃப்ட் இல்லாத மலையுச்சியில ஹெலிகாப்டர்ல கொண்டுபோய் விடுவாங்க, சறுக்கிக் கீழ வந்தா திரும்ப ஏத்திக்கிட்டுப் போவாங்க. அன்னைக்கு ஏஎஸ்350 பி3 ரக ஹெலிகாப்டர்ல ஆறு பேர். செக் நாட்டோட பெரும் பணக்காரர் பீட்டர் கெல்னரும் அதுல இருந்தார். முகட்டுக்குக் கிட்ட தாழ்வா வரும்போது வொயிட்அவுட், சரிவுல மோதி உருண்டுடுச்சு. அஞ்சு பேர் இறந்துட்டாங்க.

தப்பிச்ச ஒருத்தர் உடைஞ்ச ஹெலிகாப்டர்லயே மணிக்கணக்கா கிடந்திருக்கார். ஹெலிகாப்டர் வரலைன்னு தேடுறவங்களுக்குச் சேதி போகவே தாமதம். அந்தத் தாமதம் அவரோட காயத்தை மோசமாக்கிடுச்சுன்னு அமெரிக்க விசாரணை வாரியமே எழுதியிருக்கு. சாயங்காலம் விழுந்தவரை மீட்கும்போது நள்ளிரவு ஆயிடுச்சு.

#12 நேர்பேச்சு

சரி, அதுல வாரியம் என்ன காரணம் சொல்லிச்சு? பைலட் தப்புன்னுதானே?

#13 மலையேறி

முதல் வரி அதுதான். வொயிட்அவுட்டுக்குள்ள மாட்டினதும் பைலட் சரியாச் செயல்படலைன்னு. ஆனா அங்கேயே நிறுத்தலை. அப்படி மாட்டினா என்ன செய்வார்னு அந்த நிறுவனம் ஒழுங்காப் பயிற்சியும் குடுக்கலை, சோதிச்சும் பார்க்கலை. அந்த நிறுவனத்தைக் கண்காணிக்க வேண்டிய விமானத் துறையும் ஒழுங்காக் கண்காணிக்கலை. மூணும் ஒரே அறிக்கையில இருக்கு.

#14 நேர்பேச்சு

ஒத்துக்கிறேன், #2 கொஞ்சம் அவசரம்தான். ஆனா ஒண்ணு. கைப்பிடி ஒருத்தர் கையில இருந்துச்சு. பயிற்சி குடுக்கலை, கண்காணிக்கலைன்னு பழியை எல்லாருக்கும் பங்கு போட்டா கடைசியில யாருக்குமே பழி இல்லாமப் போயிடும். ஆபீஸ்ல தினம் பார்க்கிறதுதானே.

#15 பட்டாளத்தார்

தம்பி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா நான் பார்த்த வரைக்கும், இறங்காமத் திரும்பிப் போன பைலட்டைத்தான் கீழ இருக்கிறவங்க திட்டுவாங்க. தபால் வரலை, மண்ணெண்ணெய் வரலை, லீவுக்குப் போக வேண்டியவன் போக முடியலை. நானும் திட்டியிருக்கேன். காசு குடுத்துச் சறுக்க வந்தவங்க முன்னாடி "இன்னைக்கு வேண்டாம், திரும்பலாம்"னு சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு நினைச்சுப் பாருங்க.

#16 சிமுலேட்டர் சிங்கம்

பட்டாளத்தார் ஐயா, #6க்குக் கோபமெல்லாம் இல்லை. உங்க பதிலைப் படிச்சிட்டு நிஜமாவே தேடிப் படிச்சேன். இரண்டு விஷயம் புரிஞ்சுது.

ஒண்ணு, பக்கவாட்டு நகர்வை அம்புக்குறியா காட்டுற திரை, தானா அந்தரத்துல நிறுத்துற வசதியெல்லாம் புது ஹெலிகாப்டர்கள்ல இருக்கு. ஆனா வெளிய பார்த்துக்கிட்டிருந்த கண்ணைத் திரைக்கு மாத்திப் பழகவே சில நொடி ஆகும். பத்தடி உயரத்துல அந்தச் சில நொடி கிடையாது.

இரண்டு, இதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பிச்சு. மெஷின் நகர்ந்துக்கிட்டே தொட்டு, ஒரு பக்க ஸ்கிட் (சக்கரத்துக்குப் பதிலா அடியில இருக்கிற நீளக் கம்பி) மட்டும் பனியில புதைஞ்சு மாட்டிக்கிச்சுன்னா, அந்த ஸ்கிட்டையே கீல் மாதிரி வெச்சுக்கிட்டு மொத்த மெஷினும் கவிழ ஆரம்பிக்கும். டைனமிக் ரோல்ஓவர்னு பேரு. ஒரு அளவைத் தாண்டிச் சாஞ்சிட்டா கைப்பிடியை எதிர்ப்பக்கம் முழுசாத் தள்ளினாலும் நிமிராது. கவிழுதேன்னு பதறி மேல தூக்கப் பார்த்தா இன்னும் வேகமாக் கவிழும். கலெக்டிவை (மெஷினை மேல கீழ கொண்டுபோற கைப்பிடி) மெதுவா இறக்கி ரோட்டரோட தூக்குவிசையைக் குறைக்கிறதுதான் வழியாம். விழப்போறோம்னு தெரியும்போது இன்னும் கீழ இறக்குன்னு கைக்குச் சொல்லணும்! நம்ம சுபாவத்துக்கே எதிரான வேலை.

#17 பிசிக்ஸ் வாத்தியார்

சிங்கம், பிரமாதம். வகுப்புல எடுத்துக்கிறேன்.

இன்னொரு வகையையும் சொல்லிடணும், வொயிட்அவுட்னா ரோட்டர் கிளப்புறது மட்டும் இல்லை. காற்றுல ஒரு துளிப் பனி பறக்காமலே வரும். மேல ஒரே சீரான மேகம், கீழ ஒரே சீரான பனி, வெளிச்சம் ரெண்டுக்கும் நடுவுல எதிரொளிச்சு எதிரொளிச்சு நிழலே இல்லாமப் போயிடும். எதிர்ல இருக்கிற மலை வானமாத் தெரியும். 1979 நவம்பர் 28ல ஏர் நியூசிலாந்து டிசி-10 பயணிகள் விமானம் அண்டார்க்டிகாவுல எரபஸ் மலையில நேரா மோதி 257 பேர் இறந்தது அப்படித்தான். வழித்தடக் குளறுபடி அவங்களை அந்த மலைக்கு நேரா கொண்டுபோய் நிறுத்திச்சு. இருந்த மலையை அந்த வெளிச்சம் மறைச்சிடுச்சு.

#18 கல்கரிப் பொடியன்

ஒரு கேள்வி. மேலயே கொஞ்ச நேரம் நிண்டு, தூள் ஸ்நோவை எல்லாம் ஊதித் தள்ளிப்போட்டு, நிலம் தெரிஞ்சாப்பிறகு இறங்கினா என்ன?

#19 பட்டாளத்தார்

நல்ல கேள்வி தம்பி, அப்படியும் செய்வாங்க. உயரமா நின்னு உதிரியை ஊதி விரட்டிட்டு, அடையாளம் தெரிஞ்சதும் மெதுவா இறங்குறது ஒரு முறை. நிக்கவே நிக்காம நேரா வந்து தொட்டுடறது இன்னொரு முறை. எதுன்னு இன்ஜின்கிட்ட மிச்சம் இருக்கிற பலம்தான் முடிவு பண்ணும். தரையை விட்டு உயரத்துல அசையாம நிக்க அதிகப் பலம் வேணும். எங்க போஸ்ட் மாதிரி உயரத்துல காற்றே மெல்லிசு. சீட்டாவுக்கு நின்னு ஊதுற வசதியெல்லாம் கிடையாது, ஒரே மூச்சுல வந்து தொடணும்.

தொட்டாலும் முடிஞ்சிடாது. கீழ பனி கெட்டியா, பொள்ளலா, வெடிப்பு இருக்கான்னு தெரியாது. மொத்த எடையையும் சட்டுனு வைக்காம, பாதி தூக்கின மாதிரியே வெச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா அமர்த்துவாங்க. சில இடத்துல அமர்த்தவே மாட்டாங்க. ரோட்டர் முழு வேகத்துல ஓடிக்கிட்டிருக்கும், நாங்க குனிஞ்சு ஓடி சாமானை இழுத்துப் போடுவோம், கிளம்பிடும்.

#20 மலையேறி

2005 மே 14ல பிரெஞ்சு பைலட் டிடியே டெல்சால் எவரெஸ்ட் உச்சியில ஏஎஸ்350 பி3யை வெச்சாரே, 3 நிமிஷம் 50 நொடி, ஞாபகம் வருது. அலாஸ்காவுல விழுந்ததும் அதே ரகம். மெஷின் மேல குறை சொல்ல முடியலை பாருங்க.

தொட்டப்புறமும் ஆபத்துங்கிறதுக்கு, 2024 ஏப்ரல்ல சுவிட்சர்லாந்து பெட்டி காம்பினும் ஒரு உதாரணம். 3,600 மீட்டருக்கு மேல இருக்கிற இறங்குதளம். அங்க ஹெலிகாப்டர் வடக்குச் சரிவுல சறுக்கிப் போய் மூணு பேர் இறந்தாங்க.

#21 சால்ட்லேக் வாசி

பட்டாளத்தார் ஐயா, #6ல கொடி, கேன்னு சொன்னீங்களே. உங்க ஹெலிபேட்ல என்ன அடையாளம் வெச்சிருந்தீங்க? அந்த ரோட்டர் காற்றுல எதுவும் நிக்காதே?

#22 பட்டாளத்தார்

அதைக் கேப்பீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்.

காலி மண்ணெண்ணெய் ஜெரிக்கேன்ல பனியை அடைச்சு ஓரத்துல பதிச்சிருப்போம். கறுப்புக் கேன், வெள்ளைப் பனியில நல்லாத் தெரியும். ஒரு தடவை ராத்திரி பூரா பனி கொட்டி எல்லாம் மூடிப்போச்சு. காலையில ஹெலிகாப்டர் கிளம்பியாச்சுன்னு ரேடியோவுல சேதி. எனக்கு அங்க இரண்டாவது வாரம். தோண்டி எடுக்க நேரம் இல்லைன்னு சிவப்புக் கம்பளி ஒண்ணை நடுவுல விரிச்சு, நாலு மூலையிலயும் பனிக்கட்டியை வெச்சேன். பெரிய மூளைக்காரன்னு எனக்கே ஒரு நினைப்பு.

அது பக்கத்துல வந்து வேகத்தைக் குறைச்சதும் பனிக்கட்டி தூளாப் பறந்துச்சு. கம்பளி ஒரு மூலையில எழும்பி அப்படியே படம் எடுத்து நின்னுச்சு. ரோட்டருக்குள்ள போயிருந்தா அன்னைக்கு என் கதையும் சேர்ந்து முடிஞ்சிருக்கும். பைலட் கண்டுட்டார். யோசிக்கவே இல்லை, மூக்கைத் திருப்பிப் பள்ளத்தாக்குப் பக்கம் விழுந்த மாதிரி இறங்கி வேகம் பிடிச்சு வெளிய போயிட்டார். கம்பளி சரிவுல உருண்டு போச்சு. ஒரு வட்டம் சுத்தி வர்றதுக்குள்ள கையாலயே பனியைப் பறிச்சு ரெண்டு கேனை வெளிய எடுத்தேன். திரும்ப வந்து தொட்டார், ஒரு கேன் மண்ணெண்ணெயைத் தள்ளிட்டுக் கிளம்பிட்டார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை. போஸ்ட்ல கிடைச்ச திட்டை இங்க எழுதினா நெறியாளர் என்னைத் தூக்கிடுவார்.

அந்த உயரத்துல சீட்டா ஒரு தடவைக்கு இருபது, இருபத்தஞ்சு கிலோதான் கொண்டுவரும். ஒரு கேன் எண்ணெய், அவ்வளவுதான். ஒரு தபால் கட்டு கூடினாக்கூடக் கணக்குப் பார்ப்பாங்க. அடுத்த நாள் அதே பைலட் வந்தார். எண்ணெய் இல்லை. கதவு வழியா நாலு சின்னச் சாக்குப் பை இறங்கிச்சு. பிரிச்சுப் பார்த்தா கீழ லடாக்ல லே ஊர் ஆத்து மணல். மேல சாக்பீஸ்ல "கம்பளிக்கு"ன்னு இந்தியில எழுதியிருந்துச்சு.